பறவைகளுக்குப் பிணை நின்றவர்

உமறுப் புலவரின் சீறாப்புராணத்தைப் பாடமாகப் பயின்றோர் மானுக்குப் பிணை நின்ற படலத்தை எளிதில் மறந்திரார். வேடனிடம் அகப்பட்ட பெண்மான் ஒன்று, பாலுக்கு ஏங்கி நிற்கும் தன் கன்றை நினைந்து வருந்துகிறது. அது சென்று பாலூட்டித் திரும்பும்வரை, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வேடனிடம் தாமே பிணை நிற்கிறார்கள். சென்ற மான் சொல் தவறாது கன்றையும் உடனழைத்து மீள்கிறது. 'பிணை' என்னும் சொல் தமிழில் பெண்மானையும் குறிக்கும்; ஒருவருக்காக ஈடாக நிற்பதையும் குறிக்கும். அவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்தி நிற்கும் இடம் அப்படலம்.

பிணை நிற்பவருக்கு இருபுறமும் கடமை உண்டு. மானின் உயிருக்கு மட்டுமன்றி, அன்றைய உணவை இழக்க நேரும் வேடனுக்கும் அவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். இருவரில் ஒருவரை மறந்தாலும் அது பிணை ஆகாது. நிலத்தைத் திருத்திக் குடியேறும் மனிதனுக்கும், அந்நிலத்தில் அவனுக்கு முன்பே குடியிருக்கும் உயிர்களுக்கும் இடையே இத்தகைய பிணையாளர் ஒருவர் என்றும் தேவைப்படுகிறார். இருபதாம் நூற்றாண்டு இந்தியாவில் அவ்வாறு நின்ற பெருமகன் பறவையியல் அறிஞர் டாக்டர் சலீம் அலி. ஏரிக்கரைகளை ஒட்டி மனைப்பிரிவுகளும் சாலைகளும் நாள்தோறும் பெருகிவரும் பட்டாபிராம், ஆவடி, அம்பத்தூர் வட்டாரத்து மாணவ மணிகளுக்கு அவருடைய வாழ்க்கை ஒரு பாடநூல் எனலாம்.

இளமையும் வளர்ப்பும்

சலீம் மொய்சுதீன் அப்துல் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் பம்பாய் நகரில் சுலைமானி போரா முஸ்லிம் குடும்பமொன்றில் பிறந்தார். ஒரு வயதில் தந்தையாரையும், மூன்று வயதில் தாயாரையும் இழந்தார். பெற்றோர் இல்லாத குறையைத் தாய்மாமன் அமீருதீன் தயாப்ஜியும், மக்கட்பேறு இல்லாத ஹமீதா பேகமும் போக்கினர். விடுதலைப் போராட்ட வீரர் அப்பாஸ் தயாப்ஜியும் இவருக்கு உறவுமுறையில் மாமனே. கல்வியும் நாட்டுப்பற்றும் ஒருங்கே விளங்கிய அக்குடும்பச் சூழல் சிறுவனுக்குக் கிடைத்த முதற்செல்வம்.

மாமன் அமீருதீன் வேட்டையில் விருப்புடையவர். சிறுவன் சலீமுக்கும் ஒரு காற்றுத் துப்பாக்கி கிடைத்தது. அக்காலத்தில் வேட்டை குற்றமாகக் கருதப்படவில்லை. அது செல்வர் வீட்டுப் பொழுதுபோக்கு. பின்னாளில் பறவைகளின் காவலராக உலகம் போற்றிய ஒருவர் கையில் துப்பாக்கியோடுதான் பறவைகளிடம் வந்து சேர்ந்தார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

ஒரு குருவியும் ஓர் ஐயமும்

ஒருநாள் அவர் சுட்டு வீழ்த்திய குருவி வழக்கமான சிட்டுக்குருவியைப் போன்றிருந்தும், அதன் கழுத்தில் மஞ்சள் நிறம் தீட்டியது போன்ற ஓர் அடையாளம் காணப்பட்டது. இஃது உண்ணத்தக்க இனந்தானா, மார்க்கம் இதனை அனுமதிக்குமா என்னும் ஐயம் சிறுவனுக்கு எழுந்தது. ஐயத்தைத் தீர்த்துக்கொள்ளப் பறவையை மாமனிடம் கொண்டுசென்றார். மாமனுக்கும் விடை தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் கூறாமல், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லர்டு என்னும் ஆங்கிலேயரிடம் அவனை அனுப்பிவைத்தார். இது நிகழ்ந்தது 1908ஆம் ஆண்டு.

1883இல் தொடங்கப்பட்ட அக்கழகத்தில் பாடம் செய்து வைக்கப்பட்ட பறவைகள் இழுப்பறை இழுப்பறையாக அடுக்கப்பட்டிருந்தன. மில்லர்டு அக்குருவியை மஞ்சள் கழுத்துச் சிட்டு என்று இனங்கண்டு கூறியதோடு நில்லாமல், இழுப்பறைகளைத் திறந்து காட்டினார். நூல்களைப் படிக்கக் கொடுத்தார். பறவையின் தோலை உரித்துப் பதப்படுத்தும் முறையையும் கற்க வழிசெய்தார். உண்ணலாமா கூடாதா என்று தொடங்கிய சிறு கேள்வி, இது யாது, எங்கு வாழ்வது, எவ்வாறு வாழ்வது என்னும் பெருங்கேள்விகளாக விரிந்தது. அறியாத ஒன்றைப் பயன்கொள்ளும் முன் நின்று கேட்கும் பண்பே அவருடைய வாழ்நாள் முழுமைக்கும் அடித்தளமாயிற்று.

பட்டம் இல்லாத அறிஞர்

சலீம் அலி பள்ளியில் சிறந்த மாணவர் அல்லர். தலைவலி நோயால் படிப்பு இடையில் தடைப்பட்டது; உலர்ந்த காற்று நலம் தரும் என்று சிந்து நாட்டிற்கு அனுப்பப்பட்டார். 1913இல் மெட்ரிகுலேஷன் தேர்வில் ஒருவாறு தேறினார். கல்லூரிக் கணிதம் கைகொடாத நிலையில், குடும்பத்தாரின் சுரங்கத் தொழிலையும் மரத்தொழிலையும் கவனிக்கப் பர்மாவின் தவாய் பகுதிக்குச் சென்றார். அங்குத் தொழில் வளர்ந்ததோ இல்லையோ, காட்டில் அலைந்து பறவைகளை நோக்கும் பழக்கம் வளர்ந்தது. 1917இல் தாயகம் திரும்பி வணிகக் கல்வியும், தூய சவேரியார் கல்லூரியில் விலங்கியலும் பயின்றார். 1918இல் தெஹ்மினா அம்மையாரை மணந்தார்.

இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தில் பறவையியலாளர் பணியொன்றை அவர் நாடியபோது, உரிய பட்டம் இல்லை என்பதால் அது கிடைக்கவில்லை. 1926இல் பம்பாய் வேல்ஸ் இளவரசர் அருங்காட்சியகத்தில் இயற்கை வரலாற்றுப் பிரிவின் வழிகாட்டி விரிவுரையாளரானார். ஈராண்டில் விடுப்புப் பெற்று ஜெர்மனி சென்று, பெர்லின் விலங்கியல் அருங்காட்சியகத்தில் எர்வின் ஸ்டிரெஸ்மன் என்னும் பேரறிஞரிடம் பயின்றார். ஹெலிகோலந்து தீவில் பறவைகளின் காலில் வளையமிட்டு அவற்றின் வலசையை அறியும் முறையையும் கற்றார். 1930இல் திரும்பி வந்தபோது, நிதி இல்லை என்று அவருடைய பதவியே நீக்கப்பட்டிருந்தது.

வேலையிழந்த அறிஞர் பம்பாய்க்கு எதிர்க்கரையிலுள்ள கிஹிம் என்னும் கடலோரச் சிற்றூரில் தங்கினார். வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. மறைவிடத்தில் இருந்து நாள் முழுதும் அவற்றையே நோக்கினார். ஆண்குருவி கூட்டைப் பாதி முடைந்ததும் பெண்குருவி வந்து பார்வையிடுகிறது. பிடித்திருந்தால் அக்கூட்டை ஏற்கிறது. அது முட்டையிட்டதும் ஆண்குருவி அடுத்த கூட்டைத் தொடங்கி அடுத்த துணையை நாடுகிறது. தமிழ்ப் புலவர்களும் வியந்து பாடிய அச்சிறு பறவையின் இல்லற முறையை அறிவியல் உலகம் தெளிவாக அறிந்தது இவருடைய ஆய்வினாலேயே. கருவிகளும் ஊதியமும் இன்றி, கண்ணும் பொறுமையும் மட்டுமே கொண்டு செய்த ஆய்வு அது.

நாடு தழுவிய கணக்கெடுப்பு

பின்னர் அவர் மேற்கொண்டதுதான் அவருடைய வாழ்க்கையின் பெரும்பணி. அன்றைய சமஸ்தானங்களின் நிலப்பரப்பில் எந்தெந்தப் பறவைகள், எந்தெந்தப் பருவத்தில், எத்தகைய இடங்களில் வாழ்கின்றன என்பதற்கு முறையான கணக்கு இல்லை. செலவை மன்னர்கள் ஏற்றால் போதும், தமக்கு ஊதியம் வேண்டா என்ற நிலையில் சலீம் அலி இறங்கினார். 1931-32இல் ஐதராபாத், 1933இல் திருவிதாங்கூர், கொச்சி என்று தொடங்கி மத்திய இந்தியா, மைசூர் எனச் சென்றது அந்தப் பயணம். மாட்டுவண்டியும் கூடாரமும் காட்டுப் பங்களாக்களுமே வாழ்வாயின. நகர வசதியில் வளர்ந்த தெஹ்மினா அம்மையார் முகாம் தோறும் உடன் சென்று துணைநின்றார். 1939இல் சிறியதோர் அறுவை மருத்துவத்தை அடுத்து அம்மையார் மறைந்தார். அந்த இழப்பைச் சலீம் அலி தம் பணியிலேயே கரைத்துக்கொண்டார், மறுமணம் செய்துகொள்ளவில்லை.

அக்கணக்கெடுப்புகளில் பறவைகள் சுடப்பட்டன என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒளிப்படக் கருவிகளும் தொலைநோக்கிகளும் இன்றுபோல் பெருகாத அக்காலத்தில், பறவையின் உடல் கையில் இல்லாமல் அதன் இனத்தை உறுதிசெய்ய இயலாது என்பது அறிவியலாரின் கருத்து. அவ்வாறு சேர்த்துவைத்த மாதிரிகளின் பயன் பல்லாண்டுகள் கழித்தும் வெளிப்படும் என்பதற்கு நம் தமிழ்நாட்டுச் சான்று ஒன்றுண்டு. 1948இல் தேனி மாவட்டத்து மேகமலைப் பகுதியில் தேயிலைத் தோட்ட அதிகாரி ஒருவர் பிடித்த பழந்தின்னி வௌவால், சாதாரண இனம் என்று பெயரெழுதப்பட்டுப் பம்பாய்க் கழகத்தின் இழுப்பறையில் கிடந்தது. தாய்லாந்து நாட்டு அறிஞர் கிட்டி தொங்லோங்யா அதனை மீண்டும் ஆராய்ந்து, உலகில் வேறெங்கும் அறியப்படாத புதிய பேரினம் என்று கண்டு, 1972இல் சலீம் அலியின் பெயரையே சூட்டினார். இருபத்து நான்கு ஆண்டுகள் அவ்வுயிர் தவறான பெயரில் இருந்தது. பெயரறியாத உயிருக்காக எவரும் வழக்காட முடியாது. வாழுமிடம் அறியாத உயிரைக் காக்கவும் முடியாது. சலீம் அலி முதலில் செய்தது அந்தப் பெயர்ப்பதிவு.

அவர் எழுதிய 'இந்தியப் பறவைகளின் நூல்' 1941இல் வெளிவந்தது. அதுவரை பறவையியல் என்பது ஆங்கிலேய அதிகாரிகளின் ஓய்வுநேரக் கலையாக இருந்தது. வண்ணப்படங்களுடன் கூடிய இந்நூல் அதனைப் பள்ளி மாணவர்க்கும் எட்டும் பொருளாக்கியது. சிறையில் இருந்த பண்டித நேரு தம் மகள் இந்திராவுக்கு இந்நூலை அனுப்பினார் என்பர். பின்னர் அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்ளியுடன் இணைந்து இந்தியா, பாகிஸ்தான் பறவைகள் பற்றிய பத்துத் தொகுதிக் கையேட்டை 1968 முதல் 1974 வரை வெளியிட்டார். பணி நிறைவெய்தியபோது அவருக்கு வயது 77.

பரத்பூர்ச் சதுப்பு

விடுதலைக்குப் பின் நாடெங்கும் வேளாண்மையும் அணைகளும் ஆலைகளும் விரிந்தன. பசித்த நாட்டுக்கு அவை இன்றியமையாதன. அவ்விரிவின் வழியில் முதலில் அகப்பட்டவற்றுள் ஒன்று இராஜஸ்தானத்துப் பரத்பூரின் கேவலாதேவ் சதுப்பு நிலம். மன்னர் நீரைத் தேக்கி வளர்த்த அச்சதுப்பு, வாத்து வேட்டைக்குப் பெயர்போனது. 1938இல் அரசப் பிரதிநிதி லின்லித்கோ கலந்துகொண்ட ஒரே நாள் வேட்டையில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பறவைகள் சுடப்பட்டன. மன்னராட்சி நீங்கியதும், நீரை வடித்துச் சதுப்பை வயலாக்க வேண்டும் என்று சுற்றுப்புற உழவர் கோரினர். அவர்கள் கோரிக்கையில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. மன்னரின் வேட்டைக்காடு என்ற நினைவே அவர்களுக்கு இருந்தது.

சலீம் அலி பிரதமர் நேருவிடம் வழக்கை எடுத்துச் சென்றார். அவர் கையில் இருந்தது வெறும் இரக்கம் அன்று. எந்தப் பறவை எங்கிருந்து வருகிறது, எத்தனை காலம் தங்குகிறது, எவை அங்கேயே குஞ்சு பொரிக்கின்றன என்னும் அறிவு. வடபுலத்துப் பனியைத் தவிர்த்து ஆயிரக்கணக்கான கல் பறந்துவரும் சைபீரியக் கொக்குகளுக்கும் அது குளிர்கால வீடாக இருந்தது. 1956இல் அது பறவைகள் புகலிடமாக அறிவிக்கப்பெற்றது. 1985இல் உலக மரபுச் செல்வங்களின் பட்டியலிலும் இடம்பெற்றது.

நாட்டின் தேசியப் பறவையைத் தேர்ந்தெடுக்கும் பேச்சு எழுந்தபோது அவர் பரிந்துரைத்தது கானமயிலை. பரந்த புல்வெளியில் வாழும் பெரும்பறவை அது. 1963இல் மயிலே தேசியப் பறவையாயிற்று. மயிலின் அழகை யார் மறுப்பர்? எனினும் சலீம் அலியின் பரிந்துரையில் ஒரு தொலைநோக்கு இருந்தது. மயிலுக்கு நாட்டில் காவலர் பலர், கானமயிலுக்கு எவருமில்லை. அது வாழும் புல்வெளிகள் வருவாய்க் கணக்கில் தரிசு என்று எழுதப்படுகின்றன. தரிசு என்று எழுதியவுடன் அந்நிலம் எதற்கும் கொடுக்கத்தக்கது ஆகிவிடுகிறது. இன்று கானமயில் முற்றும் அழியும் நிலையில் இருக்கிறது. எஞ்சிய சிலவும் உயர்மின் கம்பிகளில் மோதி மடிகின்றன.

அமைதிப் பள்ளத்தாக்கும் கோடியக்கரையும்

கேரளத்தின் பாலக்காட்டு மலைகளில் குந்திப்புழை பாயும் அமைதிப் பள்ளத்தாக்கில் நீர்மின் அணை கட்டும் திட்டத்திற்கு 1973இல் திட்டக் குழு இசைவளித்தது. மின்சாரம் வேண்டும் என்பாரும், மழைக்காடு வேண்டும் என்பாரும் எதிரெதிரே நின்றனர். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் அமைப்பினரும் கவிஞர் சுகதகுமாரி முதலானோரும் மக்களிடையே கருத்தைப் பரப்பினர். சலீம் அலி அப்பள்ளத்தாக்கை நேரிற் சென்று பார்த்து, திட்டத்தைக் கைவிடுமாறு வேண்டினார். சிங்கவால் குரங்கின் வாழிடமான அக்காடு, ஒருமுறை நீரில் மூழ்கினால் மறுமுறை நட்டு வளர்க்கத்தக்கது அன்று. 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984இல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பெற்றது. ஒரு திட்டத்தின் வரவைக் கணக்கிடும்போது இழப்பையும் அதே ஏட்டில் எழுத வேண்டும் என்னும் வழக்கம் இந்நாட்டில் வேரூன்றியதற்கு அப்போராட்டம் ஒரு பெருங்காரணம்.

தமிழகத்தில் அவருடைய பெயரோடு நெருங்கிய ஊர் கோடியக்கரை. அவ்வீரநிலத்தின் சிறப்பை அவர் 1960களின் தொடக்கத்திலேயே உணர்ந்து எடுத்துரைத்தார். 1967இல் அது புகலிடமாயிற்று. ஹெலிகோலந்தில் கற்ற வளையமிடும் கலை இங்குப் பயன்பட்டது. உலகச் சுகாதார நிறுவனத்தின் துணையோடு பம்பாய்க் கழகம் நடத்திய வலசை ஆய்வில், பறவையின் காலில் எண் பொறித்த சிறு வளையம் இடப்பட்டது. காண்போர் தெரிவிக்கக் கழகத்தின் பெயரும் அதிலிருந்தது. ஓரிடத்து நீர்நிலையை அழித்தால் கடல்கடந்த வேறோர் இடத்துப் பறவையும் குறையும் என்பதை அவ்வளையங்கள் மெய்ப்பித்தன. தென்திசைக் குமரியாடி வடதிசை ஏகும் நாரையிடம் தன் மனைக்குத் தூது சொல்லிவிட்ட சத்திமுத்தப் புலவர் பறவையின் வழித்தடம் அறிந்தவர். அவ்வழித்தடத்தில் இறங்க இடமும் வேண்டும் என்பதை அறிவித்தவர் சலீம் அலி.

பரத்பூர் கற்பித்த இரண்டாம் பாடம்

ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதும்போது வெற்றிகளை மட்டும் அடுக்குவது வழக்கம். ஆனால் சலீம் அலியின் வாழ்க்கையில் நாம் கற்க வேண்டிய மிக உயர்ந்த பாடம், அவர் கருத்து பொய்த்த இடத்திலேயே இருக்கிறது.

பரத்பூர்ச் சதுப்பில் சுற்றுக் கிராமத்தாரின் எருமைகளும் மாடுகளும் தலைமுறை தலைமுறையாக மேய்ந்து வந்தன. மேய்ச்சல் பறவைகளுக்கு ஊறு செய்யும் என்று சலீம் அலியும் அவரொத்த அறிஞரும் கருதினர். தேசியப் பூங்காவாக்கப்பட்டதை அடுத்து 1982இல் மேய்ச்சல் முற்றாகத் தடுக்கப்பட்டது. மேய்ச்சல் உரிமையிழந்த மக்கள் எதிர்த்தனர். காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் சிலர் உயிரிழந்தனர். பறவைகளைக் காக்கும் செயலில் மனித உயிர்கள் போயின.

அதன்பின் நிகழ்ந்தது எவரும் எதிர்பாராதது. எருமைகள் தின்று அடக்கி வைத்திருந்த நீர்ப்புல் கட்டுக்கடங்காமல் வளர்ந்து நீர்ப்பரப்பை மூடியது. திறந்த நீர் குறைந்ததால் நீர்ப்பறவைகளும் குறைந்தன. இதனைக் கண்டு வெளியிட்டது அவருடைய எதிரிகள் அல்லர்; அவர் வளர்த்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமே. 1980இல் தொடங்கிப் பத்தாண்டு நடந்த அக்கழகத்தின் ஆய்வு, மேய்ச்சலும் அச்சதுப்பின் வாழ்வில் ஓர் அங்கம் என்று காட்டியது. மானின் பக்கம் உறுதியாக நின்ற பிணையாளர், வேடனின் பக்கத்தைக் கேளாமல் விட்ட இடம் அது. எனினும், தாம் கொண்ட கருத்துக்கு மாறான உண்மையையும் கண்டுசொல்லும் ஆய்வு முறையை விட்டுச் சென்றதும் அவரே. கணக்கெடுப்பில் பறவையோடு புல்லும், புல்லோடு எருமையும், எருமையோடு அதன் உடையவனும் சேர்ந்தே எண்ணப்பட வேண்டும் என்பது இதனால் விளங்கிற்று.

இதற்கு மறுபுறமாக விளங்குவது நம் வேடந்தாங்கல். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அறிந்த அவ்வூர் மக்கள், சட்டம் வருமுன்னரே பறவைகளைக் காத்தனர். வேட்டையாட வந்த வெள்ளையரைத் தடுக்குமாறு ஆட்சியரிடம் முறையிட்டு, 1798இல் காப்புரிமையும் பெற்றனர். அங்கே மானும் வேடனும் ஒரே பக்கம் நிற்கின்றனர்.

நம் ஊர் ஏரிகள்

பட்டாபிராம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். அம்மாவட்டத்திற்கு ஏரி மாவட்டம் என்றே ஒரு பெயருண்டு. பருத்திப்பட்டு, விளிஞ்சியம்பாக்கம், கோயில்பதாகை, திருநின்றவூர், அம்பத்தூர், கொரட்டூர் என்று சங்கிலிபோல் ஏரிகள். வயலுக்கு நீர் தந்த அவ்வேரிகளைச் சுற்றி இன்று வயல்கள் அருகிவிட்டன. வண்டலூரையும் மீஞ்சூரையும் இணைக்கும் வெளிவட்டச் சாலை நெமிலிச்சேரி வழியே செல்கிறது. 2024 நவம்பரில் பட்டாபிராமில் 21 மாடிகள் கொண்ட டைடல் பூங்கா திறக்கப்பெற்றது. நம் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும், வீடு வேண்டும், சாலை வேண்டும். வளர்ச்சி வேண்டா என்று சொல்வது பிணை நிற்பவரின் வேலை அன்று. வளர்ச்சி எவ்வாறு வேண்டும் என்று கேட்பதே அவர் வேலை.

சலீம் அலியின் வழியில் நின்று பார்த்தால் சில நெறிகள் தெளிவாகின்றன. முதலாவது, அளவுச் சங்கிலி நிலத்தில் விழுமுன் உயிர்க்கணக்கு எழுதப்பட வேண்டும். அதுவும் ஒருநாள் பார்வையில் முடிவதன்று. கோடையில் வெடித்துக் கிடக்கும் தாங்கல், வடகிழக்குப் பருவமழைக்குப் பின் வலசைப் பறவைகளால் நிறையக்கூடும். ஆகவே ஓராண்டின் எல்லாப் பருவங்களிலும் பார்க்க வேண்டும். 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை இருபதாயிரம் சதுர மீட்டர் முதலான கட்டுமானங்களுக்கு முன்னிசைவு வேண்டும் என்கிறது. அதனினும் சிறிய கட்டடங்கள் தனித்தனியே இதற்குள் வாரா; ஆனால் பல சிறியவை கூடி ஓர் ஏரியின் வரத்துக்காலை அடைத்துவிடும். ஆகவே சட்டம் கேளாத இடத்திலும் மனச்சான்று கேட்க வேண்டும்.

இரண்டாவது, நீரின் வழியை நீருக்கு விடுவது. வரத்துக்கால், கலங்கல், மதகு, போக்குக்கால் என்று நம் முன்னோர் பெயரிட்டு வைத்த ஒவ்வொன்றும் காரணம் கருதியது. ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007இல் தமிழ்நாட்டில் தனிச்சட்டம் இயற்றப்பட்டும், 2015, 2021ஆம் ஆண்டுகளின் பெருமழையில் புறநகர்க் குடியிருப்புகளில் நீர் புகுந்ததை நாம் கண்டோம். பறவையின் இடத்தைக் காப்பது மனிதனின் வீட்டைக் காப்பதும் ஆகும் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

மூன்றாவது, ஏரியை அழகுபடுத்துவதிலும் அளவறிதல். பருத்திப்பட்டு ஏரி சீரமைக்கப்பெற்று 2019இல் பசுமைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. கூழைக்கடாவையும் நீர்க்காகத்தையும் கரையில் நடந்தபடியே காண முடிவது நற்பேறு. ஆனால் எல்லா ஏரிக்கும் நாற்புறமும் கற்சுவரும் இரவெல்லாம் விளக்கும் என்றால், ஆழமில்லாத சேற்றோரத்தில் நடந்து இரைதேடும் பறவைக்கு இடமிராது. கரையில் ஒரு பக்கமேனும் சரிவாகவும் இருளாகவும் விடப்பட வேண்டும். கருவேலமும் நீர்மருதும் நடப்பட வேண்டும். தூர்வாருதல் கூடு கட்டும் காலத்தைத் தவிர்க்க வேண்டும். கழிவுநீர் ஒரு துளியும் சேரக்கூடாது.

நான்காவது, பரத்பூர் தந்த பாடம். ஏரியில் மீன்பிடிப்பவரையும், மாடு மேய்ப்பவரையும், கரையோரம் குடிசையிட்டிருப்பவரையும் கேளாமல் எடுக்கும் எந்த முடிவும் நிலைக்காது. அவர்களை அகற்றுவதற்கு முன் அவர்கள் அந்நீர்நிலைக்குச் செய்துவரும் பணி என்ன என்பதும் கணக்கில் எழுதப்பட வேண்டும். வேறிடம் தர வேண்டியிருப்பின் அதை முதலில் தர வேண்டும்.

நிறைவு

நாடு சலீம் அலிக்கு 1958இல் பத்மபூஷண் விருதும், 1976இல் பத்மவிபூஷண் விருதும் அளித்தது. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம் முதலானவை மதிப்புறு டாக்டர் பட்டம் வழங்கின. பட்டம் இல்லை என்று ஒருகாலத்தில் வேலை மறுக்கப்பட்டவருக்குப் பட்டங்கள் தேடிவந்தன. கெட்டி பரிசாகக் கிடைத்த தொகையை இயற்கைப் பாதுகாப்பு நிதிக்கே கொடுத்தார். 1985இல் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பெற்றார். ஒரு சிட்டுக்குருவியின் வீழ்ச்சி என்று பொருள்படும் தலைப்பில் அவருடைய தன்வரலாறும் அவ்வாண்டே வெளிவந்தது. 1987ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள் தொண்ணூறாம் வயதில் மறைந்தார். 1990இல் கோவையை அடுத்த ஆனைகட்டியில் அவர் பெயரால் பறவையியல் ஆய்வு மையம் தொடங்கப்பெற்றது.

பூமியில் மனிதன் உரிமையாளன் அல்லன், பொறுப்பாளன் என்பது இஸ்லாம் கற்பிக்கும் நெறி. பொறுப்பாளனிடம் ஒருநாள் கணக்குக் கேட்கப்படும். கணக்குக் காட்ட வேண்டுமாயின் முதலில் கணக்கு எழுதியிருக்க வேண்டும். நம் ஊர் ஏரிகளுக்கு வரும் பறவைகள் எவை, எத்தனை என்று எழுதிவைக்கும் ஏடு நம் மாணவர் கையில் இன்று உண்டா? பெரிய கருவிகள் வேண்டா. கிஹிம் கிராமத்தில் வேலையிழந்த ஒருவர் கண்ணையும் பொறுமையையும் கொண்டே தொடங்கினார். விடுமுறை நாளில் ஒரு மணி நேரம், ஒரு குறிப்பேடு, ஓர் ஏரிக்கரை போதும். நாளை அக்கரையில் ஒரு திட்டம் வரும்போது, அந்தக் குறிப்பேட்டைக் கொண்டுபோய் உரியவர் முன் வைக்கலாம். கரையோர மக்களின் சொல்லையும் உடன் வைக்கலாம். பிணை நிற்பதற்கு அதுவே முதற்படி.